மாற்றுச் சாவி

வாசலில் மாடிக் குடித்தனக்காரி வந்து நின்றதும், வீட்டுக்காரம்மா தன் கணவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

காலையில் கழுத்தில் தடவிய சென்ட் வாசம் இன்னும் போகவில்லை.

அது மாடிக் குடித்தனக்காரியின் சென்ட்.

குடித்தனக்காரி காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். சமையலை முடித்ததும் வீட்டுக்காரம்மா மாற்றுச் சாவியோடு பூனைபோல் மேலே ஏறுவாள். ஒரு துரும்பைக்கூட எடுத்து வந்ததில்லை. அவள் என்ன சமைத்திருக்கிறாள், புதிதாக என்ன விரிப்பு வாங்கியிருக்கிறாள் என்று பார்ப்பாள். சுவர் அலமாரிக்குள் கையை விட்டு, துணிகளுக்குப் பின்னால் இருக்கும் பாட்டிலைத் துழாவி எடுத்து ஒரே ஒரு சொட்டு தடவிக்கொள்வாள்.

சொந்த வீட்டுக்குள் போக யாரைக் கேட்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

சொல்லிக்கொண்டாலும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியேறுவாள்.

இன்று பாட்டில் ஜன்னல் ஓரத்தில் கண்ணெதிரே இருந்தது. 'சரியான அசமந்தம், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தடவிக்கொண்டாள்.

திரும்பியபோதுதான் வாளியைப் பார்த்தாள்.

பிள்ளை படுக்கும் இடத்தில் வாளி. கூரையிலிருந்து மழைநீர் சொட்டிச் சொட்டி, வாளி நிறைந்து, தரையெல்லாம் தண்ணீர்.

கை சும்மா இருக்குமா? வாளித் தண்ணீரைக் கொட்டினாள். தரையைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.

வந்துபோன தடயத்தை விட்டுவிட்டோமே என்று கீழே வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது கணவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து இதே பாட்டா இருக்கு. ஒழுகுதாமில்ல! பாத்துப் பாத்துக் கட்டின வீடு, எனக்குத் தெரியாதா? பிடிக்கலேன்னா காலி பண்ணிட்டுப் போம்மா."

ஒழுகத்தான் செய்கிறது என்று வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு சாவியும் வெளியே வந்துவிடும்.

அவள் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குத் தெரியும்ணே," என்றாள் குடித்தனக்காரி. "நான்தான் மேல கூப்பிட்டுக் காட்டினேன். பாவம், வாளியக்கூட அவங்கதான் கொட்டினாங்க."

கணவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மாவுக்குக் காது மடல்கள் எரிந்தன.

"ஆமா, பாத்தேன்," என்றாள். "புள்ள படுக்கிற இடத்துலதான் விழுது."

ஏதோ முனகிக்கொண்டே, கொத்தனாருக்குப் போன் போட அவர் உள்ளே போனார்.

முதுகு போய்விட்டது. இனி மறைந்து நிற்க இடமில்லை. இருவருக்கும் நடுவில் அந்த வாசம் மட்டும் நின்றது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "வந்து..." என்று ஆரம்பித்தாள்.

குடித்தனக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கரண்டு வேலை செய்யறவரையும் வரச் சொல்லுங்கக்கா. ஈரம் எறங்கி அலமாரிச் சுவத்துல ஷாக் அடிக்குது. அதான் பாட்டில ஜன்னல்ல எடுத்து வச்சேன். நீங்க பாட்டுக்கு உள்ள கைய விட்டுடாதீங்க."