பாதி முழங்கால்

"அரை மணித்தியாலம் மில்லைப் போடாதேங்கோ அண்ணை, எங்கட மெசின்..."

"அவிச்ச நெல் முத்தத்தில காய்ஞ்சு கிடக்கு பிள்ளை. மழைக்கு முன்னம் குத்தாட்டி நாறிப்போம். உன்ர மெசினே சோறு போடும்?"

"ஒரே கறண்டில ரெண்டும் ஓடாதெண்டு தெரியுந்தானே!"

"தெரியும். மில்லுக்குப் பக்கத்தில மெசினைக் கொண்டுவந்து போட்டது ஆர்?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஆலைக்கார நாகேந்திரம் விசையைத் தட்டுகிறார். இந்தப் பக்கம், ஓமந்தைப் பட்டறையின் தொழில்நுட்ப இணைப்பாளர் யதுர்ஷிகா உள்ளே ஓடுகிறாள். குழல் விளக்குகள் மங்கித் துடிக்கின்றன. கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரம் முனகி நிற்கிறது, திரை கறுக்கிறது. கையிருப்பில் மிஞ்சியிருந்த ஒரேயொரு அலுமினியக் கட்டி, செயற்கைக் காலுக்கான முழங்கால் மூட்டாகப் பாதி உருவெடுத்த நிலையில், வெட்டலகு கோணலாய்ப் பாய்ந்த பள்ளத்தோடு பிடிக்குள் இருக்கிறது. வெண்ணிறக் குளிர்திரவம் அதன்மேல் இன்னும் சொட்டுகிறது. யதுர்ஷிகா பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்க்கிறாள். கையை எடுக்கவில்லை. ஆலையின் இரைச்சலில் தகரக் கூரை அதிர்கிறது. அந்தக் காலுக்காக முல்லைத்தீவிலிருந்து நாலாம் முறையாக வந்த மார்கிறட், வாசல் கதிரையில் இருந்தபடி மடியில் கிடக்கும் ஊன்றுகோலைத் துடைக்கிறார்.

"பிள்ளை, இது இரவல். இண்டைக்குத் திருப்பித் தந்திடுவன் எண்டுபோட்டு வந்தனான். என்னெண்டு போய்ச் சொல்லுறது?"