ஒரே மாதிரி பாட்டில்கள்

காலையில் வந்து இறங்கிய அக்கா, தங்கையின் சமையலறையை ஒரு வழி பண்ணிவிட்டுச் சற்று விலகி நின்று பார்க்கிறாள். வினிகர் போட்டுத் தேய்த்த மேடை மதிய வெயிலில் பளபளக்கிறது. நெளிந்த தகர டப்பா, பிடி உடைந்த கோப்பை, மூடி மாறிய டின் எல்லாம் குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. அலமாரியில் இப்போது ஒரே அளவுக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அச்சடித்தாற்போல் அவள் எழுதி ஒட்டிய சீட்டு. தங்கை உள்ளே வருகிறாள். பழக்கத்தில் மேல்தட்டின் ஓரத்துக்குப் போன அவள் கை, வழவழப்பான கண்ணாடி பட்டதும் தயங்குகிறது. அடுத்ததைத் தடவுகிறது, அதற்கடுத்ததையும். "உப்பு எங்கக்கா?" "கண்ணு முன்னாடிதானே இருக்கு, பெருசா எழுதி வேற ஒட்டியிருக்கேன்!" தங்கை ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடுகிறாள். இன்னொன்றில் விரல் விட்டு நாக்கில் வைக்கிறாள். அது சர்க்கரை. அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. "எத்தனை நாளாடி இப்படி?" "ஆறு மாசமா மங்கிக்கிட்டே வருதுக்கா. இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. சொன்னா நீ பதறிடுவேன்னுதான்..." அக்கா குப்பைக் கூடையைக் கவிழ்க்கிறாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவித் துடைக்கிறாள். பிறகு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி முன் நிற்கிறாள். எது எங்கே இருந்தது என்று அவள் கவனிக்கவே இல்லை. தங்கையிடம்தான் கேட்க வேண்டும்.