இந்த வருசத்து மெசின்

தொழிற்சாலைப் போர்மன், குணரத்தினத்தின் மேசைப்பக்கம் விரலை நீட்டி, கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பெரியவர்களுக்குச் சொன்னான்: "வொலா, லா மெசின்!" அவர்கள் மேசையைப் பார்த்தார்கள், மணிக்கூட்டைப் பார்த்தார்கள், எதையோ எழுதிக்கொண்டு போனார்கள்.

குணரத்தினத்துக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஷூரும் மெர்சியும்தான். ஆனால் மெசினுக்கு மொழிபெயர்ப்பா வேண்டும்?

"சூசை அண்ணை, புது மெசினை என்ரை இடத்திலைதான் வைக்கப்போறாங்கள்!"

பக்கத்து மேசைச் சூசைப்பிள்ளை மட்டக்களப்பார். கொம்பியூட்டருக்குள் வைக்கும் பச்சைப் பலகைகளில் அரிசி அளவுச் சாமான்களைப் பொறுக்கிக் குத்துகிற இந்த வேலையில் நாலு வருசம் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆளைப் பயப்படுத்துவதிலும் பிறகு தேற்றுவதிலும் அவருக்கு ஒரே அளவு விருப்பம்.

"கணக்கப் பாரு மனே. முந்தின வருசம் முதலாளி பலகையக் கொண்டு ஓடுற பட்டி மெசின் வாங்கினான், நாலு பேர் போனாங்க. போன வருசம் ஈயம் பூசுற மெசின், ஆறு பேர். வருசத்துக்கு வருசம் மெசினும் பெருக்குது, போற ஆளும் கூடுது. இந்த வருசம் சாமான் குத்துற மெசினாம். நாம மிச்சம் இருக்கிறதே பன்னிரண்டு பேர்தான்!"

குணரத்தினம் இந்த வேலையை இழக்க முடியாது. மனைவி இந்திராதேவியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிடும் விண்ணப்பத்தோடு, வேலை நிரந்தரம் என்று கொம்பனி எழுதிய கடிதம் ஒன்றை வைக்க வேண்டும். அங்கே ஷெல் விழாத கிழமை இல்லை. அவளுடைய கடிதங்கள் வரவரக் கட்டையாகிக்கொண்டு வந்தன.

"இப்ப நான் என்ன செய்ய, அண்ணை?"

"மெசின விடக் கெதியாச் செய்து காட்டு. பிறகு எந்த விசரன் காசக் கொட்டி வாங்குவான்?"

குணரத்தினம் ஊரில் அச்சுக்கோத்தவர். 'ணை' எங்கே, 'ழு' எங்கே என்று கண் தேடாது, கை தானாகப் போய் நிற்கும். வந்த முதல் மாதமே இங்குள்ள சாமான் பெட்டிகளையும் எழுத்துப் பெட்டி மாதிரி அடுக்கிவிட்டார். அடிக்கடி வேண்டியது கைக்கெட்ட, எப்போதாவது வேண்டியது மேல் மூலையில். மற்றவர்கள் ஒரு பலகை முடிக்க அவர் இரண்டு முடிப்பார்.

அன்றிலிருந்து மூன்று முடித்தார். தேத்தண்ணிக்கும் எழும்பவில்லை.

"உன்ர விரலில புகை வருது மனே! தண்ணி ஊத்தட்டா?" என்றார் சூசைப்பிள்ளை.

கழுத்துப்பட்டிக்காரர்கள் இன்னும் இரண்டு தரம் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் போர்மன் அதே இடத்தைக் காட்டினான். குணரத்தினம் தலையை நிமிர்த்தாமல், முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே குத்தினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சூசைப்பிள்ளையையும் வேறு இரண்டு பேரையும் கந்தோருக்குள் கூப்பிட்டார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் குணரத்தினத்தின் முறை. உள்ளே போனவருக்குப் போர்மன் கை கொடுத்தான். மற்றக் கையில் கடிதம்! 'நிரந்தரம்' என்ற சொல் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

குணரத்தினம் ஓட்டமாக ஓடி வந்தார்.

"அண்ணை, கடிதம் தந்திட்டாங்கள்! இனி மெசின் வாங்கமாட்டாங்கள்! எல்லாம் உங்கடை புத்தி!"

சூசைப்பிள்ளை மேசை லாச்சியிலிருந்த மாதா படத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே குளிர்ச் சட்டை போட்டுவிட்டார்கள்.

"எங்கை அண்ணை, இந்த நேரத்திலை?"

சூசைப்பிள்ளை வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. குணரத்தினத்தின் தோளில் தட்டிச் சொன்னார்:

"அவங்க மெசின் எண்டு சொன்னது உன்னத்தான் மனே."