விருதுநகர் பிரிவு

கோடு மறுபடியும் அந்தப் பாலத்தின் மேலேயே போய் விழுந்தது.

அவள் மவுஸால் அதைப் பிடித்து மேற்கே இழுத்தாள். கோடு ஒரு கணம் நடுங்கியது. பிறகு கல்லுப்பட்டி, பேரையூர் என்று சுற்றிக்கொண்டு உசிலம்பட்டியில் போய்ச் சேர்ந்தது.

நேரம் கூடுகிறது என்று திரை சொன்னது.

கூடட்டும். கேட்டவர் அப்படித்தான் கேட்டிருந்தார்.

சொந்தக் காரில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு வழி வரைந்து கொடுப்பது அவள் வேலை. எங்கே சாப்பிடலாம், எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும், எந்த மலையில் எப்போது பனி இறங்கும். கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே, தான் ஒருநாளும் போகாத ரோடுகளை அறிந்து வைத்திருந்தாள். ஏன் போகிறீர்கள் என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை.

நாகர்கோவில் தாணுலிங்கம் கேட்காமலே சொன்னார்.

அவரும் மனைவியும் மேகமலைக்குப் போக வேண்டும். போன வருஷம் அவர்கள் மகன் பைக்கில் அங்கே போகத்தான் கிளம்பினான். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒரு சின்னப் பாலத்தில் லாரி மோதி இறந்துபோனான். அவன் பார்க்க ஆசைப்பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறார்கள். அந்தப் பாலம் மட்டும் வழியில் வரக்கூடாது.

அறையில் வெந்நீர் வருமா என்று விசாரிக்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

மறுநாள் அவருடைய எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவர் மனைவி, பகவதி. அவர் குளிக்கப் போயிருப்பதால் மெதுவாகப் பேசுவதாகச் சொன்னாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அந்தப் பாலம் வழியாவே போடு மக்களே. எனக்க பிள்ள போன எடத்த நான் இன்னும் பாக்கல்ல."

அன்று உடலை நேரே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டாளாம். கேட்டால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாராம். போகிற வழியில் தானாக வந்ததுபோல் வந்துவிட்டால் போதும் என்றாள். அவருக்குத் தெரிய வேண்டாம்.

பயணம் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, அவரைக் கேட்காமல் மாற்ற முடியாது என்று இவள் சொன்னாள். எல்லோரிடமும் பேசும் குரலில் சொன்னாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பகவதி போனை வைத்துவிட்டாள்.

இவள் எழுந்து போய் டீ குடித்தாள். வேறு சிலருக்கு வழி போட்டாள். ஏற்காடு. வேளாங்கண்ணி.

சாயங்காலம் நாகர்கோவில்காரர்களின் வழியைத் திரையில் திறந்தாள். அது பேரையூர் வழியாகவே போனது. அதைத் தொடவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குக் கோவில்பட்டியில் வைத்திருந்த நிறுத்தத்தை மட்டும் எடுத்தாள். அதை விருதுநகருக்கு நகர்த்தினாள். ரோடு பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஓட்டல். அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் கல்லுப்பட்டி. நேரே போனால் திருமங்கலம், அதைத் தாண்டி அந்தப் பாலம்.

அரை மணி நேரம் என்று இருந்ததை ஒரு மணி நேரமாக்கினாள்.

அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை அவர்கள் கார் அவள் திரையில் நீலப் புள்ளியாக நகர்ந்தது. கிளம்பின எல்லா வண்டிகளும் அப்படித்தான், ஊர் திரும்பும்வரை புள்ளிகள். வழி மாறினாலோ நெடுநேரம் நின்றாலோ கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது அலுவலக விதி.

புள்ளி விருதுநகரில் நின்றது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளம்பவில்லை.

பிறகு கிளம்பியது. இடது பக்கம் திரும்பவில்லை.

நேரே போனது.

திரையின் ஓரம் சிவந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து சுகந்தன் எட்டிப் பார்த்தான். அன்றைக்கு அவன்தான் பொறுப்பு. பிரிவைத் தவறவிட்டுவிட்டார்கள், போன் போட்டுத் திரும்பச் சொல் என்றான்.

"தெரிஞ்சுதான் போறாங்க," என்றாள் அவள்.

திருமங்கலத்தில் புள்ளி மேற்கே திரும்பியது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பாலத்தில் நின்றது.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு ரோடு. அடியில் ஓடையோ வாய்க்காலோ, ஒரு மெல்லிய கோடு. இன்னும் பெரிதாக்கினாள். எல்லாம் மங்கிப்போனது.

சுகந்தன் போனை எடுத்தான். அவள் கை நீட்டி அதை வாங்கி மேஜைமேல் வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தன் வேலைக்குத் திரும்பினான்.

மற்ற புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று ஏற்காடு ஏறியது. ஒன்று பெட்ரோல் போட்டது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை.

போன் அடித்தது. தாணுலிங்கம்.

சொன்ன வழியில் வராததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். குரல் கரகரத்துப் போயிருந்தது. ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். இதற்குமேல் தன்னால் ஓட்ட முடியாது என்றார்.

"இனி எனக்க வீட்டுக்காரிதான் ஓட்டுவா. லாரி கூட்டம் இல்லாத ரோடா மாத்திப் போட்டுத் தருவியளா?"

மேகமலைக்குப் போடட்டுமா, ஊருக்குத் திரும்பப் போடட்டுமா என்று அவள் கேட்டாள்.

அவர் அதை அப்படியே மனைவியிடம் கேட்பது போனில் கேட்டது.

கார்க் கதவு சாத்தும் சத்தம் வந்தது. இஞ்சின் உறுமி, அணைந்து, மறுபடி உறுமியது.

அவள் வரைபடத்தில் கோட்டைப் பிடித்தாள். அதை எந்தப் பக்கம் இழுப்பது என்று யோசிப்பதற்குள், புள்ளி மெல்ல மேற்கே, மலை இருந்த திசையில் நகரத் தொடங்கியிருந்தது.