கடைசிப் போணி

ஷார்ஜாவில் சூட்கேஸ் கடை நடத்தி நொடித்துப்போன குற்றாலலிங்கத்துக்கு அன்று கடைசி நாள். கடை சரக்கோடு கைமாறிவிட்டது. நாளை வேறொருவர் திறப்பார். காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

“ஷட்டரை இறக்குங்க அண்ணாச்சி, பிளைட்டுக்கு நேரமாச்சு” என்றார் பக்கத்துக் கடை நசீர்.

“போணி ஆகாம நான் ஒருநாளும் கடை சாத்துனதில்லவே.”

“நான் ஒண்ணு வாங்கிக்கிடட்டா?”

“உமக்கு எதுக்கு? நீரா ஊருக்குப் போறீரு?”

குற்றாலலிங்கம் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தானே வாடிக்கையாளராக உள்ளே வந்தார். இருப்பதிலேயே பெரிய பெட்டியை உருட்டிப் பார்த்தார். முழு விலையையும் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

“உங்களுக்குக்கூடத் தள்ளுபடி இல்லையா?”

“யாருக்குக் குடுத்திருக்கேன்?”

உள்ளே வைக்க ஒன்றுமில்லாத பெட்டியை, கனக்கிறதுபோல் இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார்.