பக்கத்து வீட்டு இருமல்

அடைக்கலம் தேடி வருகிறவர்களைக் காலி வீட்டில் குடிவைக்கும் முன் அவர்களுடைய சத்தத்தைக் குடிவைப்பதுதான் இப்போதைய முறை. தூரத்து முகாம் அறையில் எழுகிற ஒவ்வொரு ஒலியும் அந்தக் கணமே காலி வீட்டுச் சுவரில் கேட்கும். பக்கத்து வீட்டார் கேட்டுப் பழகி, 'சரி' என்ற பொத்தானை அழுத்தினால், குடும்பம் வந்து சேரும்.

அமலோற்பவத்துக்குப் பாத்திரங்கள் உருளுவதும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் பழகிவிட்டன. பையனின் இருமல்தான் பழகவில்லை.

"ஏளா, அழுத்தித் தொலையேன். உன் குறட்டையைவிடவா அது மோசம்?" என்றார் கணவர் சூசை.

"இருமல் நிக்கட்டும். நமக்கும் ஒட்டிக்கிட்டா யாரு பாக்கது?"

மழை பிடித்த வாரத்தில் இருமல் நின்றது. சண்டைகூடக் கேட்கவில்லை. அமலோற்பவம் சந்தோஷமாகப் பொத்தானை அழுத்தினாள். பையனுக்கென்று சீனி மிட்டாயும் வாங்கிவைத்தாள்.

வேனிலிருந்து கணவனும் மனைவியும் மட்டும் இறங்கினார்கள். அமலோற்பவம் மிட்டாய்ப் பொட்டலத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

அந்தப் பெண் நேரே சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தாள்.

"அக்கா, இதிலதானே எங்கட சத்தம் கேட்டது? மகன்ர இருமல் கொஞ்சமெண்டாலும் இதுக்குள்ள மிஞ்சிக் கிடக்குமோ?"