வீட்டிலேயே ஒரு எட்டாம் வகுப்பு

“ரெண்டு பக்கமும் மூணைக் கழிக்கணும் ஷெரின். நேத்தும் இதத்தான சொன்னேன்?”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெபஷீலா டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

இடுப்பில் பத்து மாதக் குழந்தையோடு ஒரு பெண், சுவரில் சாய்த்து வைத்த சின்னக் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன், மூன்று வயதுப் பொடியனின் கைக்கு எட்டாதபடி புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான்.

“மெர்லின் நீங்கதானே? நான் ஷெரினோட கிளாஸ் டீச்சர்.”

மெர்லின் பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

“ஜூன்ல வந்து அட்மிஷன் போட்டீங்க. இப்ப அக்டோபர். ஒரு நாள்கூட பிள்ளை வகுப்புக்கு வரல. முதல் தடவை போன் பண்ணப்ப காய்ச்சல்னு சொன்னீங்க. அடுத்த தடவை போனையே எடுக்கல.”

“பாடம் விட்டுப்போகல டீச்சர். ரெண்டு பேருக்கும் வீட்டுல நானே சொல்லிக் குடுக்குறேன்.”

“நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“பன்னெண்டாப்பு. எல்லாம் மறந்துபோச்சு. மொத நாள் நான் உக்காந்து படிச்சிக்கிட்டு மறுநாள் இவளுக்குச் சொல்லுவேன். சின்னவ தூங்குறப்ப கணக்கு. இந்தப் பய மண்ணுல வெளாடுறப்ப அறிவியல்.”

“என் புஸ்தகத்துல பாதிப் பக்கத்தக் கிழிச்சுத் தின்னுட்டான் டீச்சர்,” என்றான் பத்து வயதுப் பையன் அருண் ஜோசப். பொடியன் பெருமையாகச் சிரித்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. இடுப்புக் குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் யாரும் சொல்லாமலே ஷெரின் எழுந்து வந்தாள். குழந்தையை வாங்கித் தூளியில் போட்டாள். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டே மறுபடி நோட்டைத் திறந்தாள். எத்தனையோ வீடுகளில் இதே காட்சியைப் பார்த்தவர் டீச்சர்.

“வீட்டுக்காரர் எங்கே?”

“திராட்சைத் தோட்டத்துல கவாத்து வெட்டப் போயிருக்காக.”

“சரி, உங்ககிட்டயே கேக்குறேன். சின்னது ரெண்டையும் பாத்துக்க ஆள் வேணும்னு பெரியவள வீட்டுல நிறுத்திட்டீங்க. ஊருக்குக் காட்ட ஒரு கரும்பலகை. அப்படித்தானே?”

“அப்படியெல்லாம் இல்ல டீச்சர். பெருசுக ரெண்டும் பள்ளிக்கூடம் போனா எனக்கும் தோதுதான். சின்னதுகளப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு நானும் பழையபடி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போயிருவேன்.”

“அப்புறம் என்ன தடை?”

மெர்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷெரின் தலை தூக்கிப் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

“தப்பு என்னோடதுதான் டீச்சர்.”

“தப்புன்னு தெரிஞ்சா மட்டும் போதுமா? இந்த வயசுல நின்ன பிள்ளை அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே வராது. பெத்தவங்களே இப்படிப் பண்ணலாமா?”

மெர்லின் சட்டென்று திரும்பிக்கொண்டாள். பாதியில் நின்ற கணக்கை உள்ளங்கையால் மெதுவாக அழித்தாள். பலகை சுத்தமான பிறகும் அவள் கை ஓயவில்லை. குரல் மட்டும் வந்தது.

“நாளைக்கு நானே கூட்டிட்டு வாரேன்.”

ஷெரினின் கால் அசையாமல் நின்றது. தூளி தானாக இரண்டு தடவை ஆடி அடங்கியது.

டீச்சர் எழுந்து வெளியே வந்தார். கம்பம் போகும் டவுன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தெருமுனைவரை நடந்திருப்பார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பொடியனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷெரின் ஓடி வந்து நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார்.

“பயப்படாதம்மா. உங்க அம்மாகிட்ட நான் பேசிட்டேன். இனி உன்னை யாரும் வீட்டுல நிறுத்திவைக்க மாட்டாங்க.”

“என்னைய யாரும் நிறுத்தல டீச்சர். நான்தான் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். பை தைச்சு, யூனிபார்ம் எடுத்து, தெனமும் கெஞ்சிப் பாத்தாக. நான் போகல.”

“ஏன்? படிக்கப் பிடிக்கலையா?”

“பிடிக்கும்.”

“பின்னே?”

ஷெரின் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவுக எங்க அம்மா இல்ல டீச்சர், சித்தி. அம்மாவோட தங்கச்சி. நாங்க கோம்பையில இருந்தோம். பிப்ரவரியில எங்க அம்மாவும் அப்பாவும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன ஜீப்பு கம்பம்மெட்டு மலையில உருண்டுருச்சு. நான் வகுப்புல இருந்தேன். அங்கன வந்துதான் என்னையக் கூட்டிட்டுப் போனாக.”

டீச்சரின் கை அவள் தோளிலேயே இருந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

“நாங்க வீட்டுல இருக்குற வரைக்கும் பாடம் சொல்லிக் குடுக்கணும்னு சித்தி இங்கனயே இருக்காக,” என்றாள் ஷெரின். “நாங்க பள்ளிக்கூடம் வந்துட்டா, மறுநாள் விடியக்காலமே சித்தியும் ஜீப்புல ஏறிருவாக.”